கவுதாரிக்கு முன்னாடி காடை எம்மாத்திரம்?

எங்கூர்ப் பக்கம் எந்தக் கறி விருந்துக்குப் போனாலும் சரி, இலையில் பிராய்லரோ வெள்ளாடோ எது விழுந்தாலும் சரி, பந்தியில் ஒரு பெரியவர் கண்டிப்பா இருப்பார். ரெண்டு துண்டு மென்னு முழுங்கிட்டு ஒரு பெருமூச்சு விடுவார். "இதெல்லாம் ஒரு கறியாப்பா? கவுதாரி தின்னிருக்கியா நீ?" அவ்வளவுதான். அடுத்த அரை மணி நேரம் மொசல், காடை, பன்னி, உடும்பு, மான்னு ஒரு காட்டையே இலையில பரிமாறிட்டுத்தான் கை கழுவுவார். நாங்க வெறும் கோழிக்காலைப் பிடிச்சிக்கிட்டு கேட்டுக்கிட்டே இருக்கணும்.

ரொம்ப நாளா எனக்கு இதுல ஒரு சந்தேகம். நிஜமாவே அந்தக் கறிகள் அவ்வளவு ருசியா, இல்ல வயசானவங்க எல்லாரும் பழசு எல்லாத்தையும் புகழ்ற மாதிரி இதையும் புகழ்றாங்களா? (சிவாஜி படம், எட்டணா காபி, கிணத்துத் தண்ணி, அந்த வரிசையில கவுதாரி.) விசாரிச்ச வரைக்கும் எழுதறேன்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன் மக்களே. நான் இதில் எதையும் வேட்டையாடியதும் இல்லை, தின்னதும் இல்லை. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் கவுதாரி, முயல், மான், காட்டுப்பன்றி, உடும்பு எல்லாமே வருது. முன்னாடி ஆறு அட்டவணை இருந்ததை 2022-ல் திருத்தி நாலாக்கினாங்க, 2023 ஏப்ரல் 1-லிருந்து அதுதான் அமல். பொதுவா மாட்டினா மூணு வருஷம் வரை ஜெயில், ஒரு லட்சம் வரை அபராதம். உடும்பு, மயில் மாதிரி முதல் அட்டவணையில் இருக்கிறதுன்னா குறைஞ்சது மூணு வருஷம், ஏழு வரை போகும். பி.காம். படிக்கிறவனுக்கு இந்தக் கணக்கு கட்டுபடியாகாது. அதனால எனக்குச் சாட்சி ரெண்டு பேர். சட்டம் வர்றதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் தின்னு முடிச்ச எங்க அப்பாரு, அதையெல்லாம் சமைச்ச எங்க அப்பத்தா. என் பங்குக்கு நான் தின்னது பண்ணைக்காடை, பண்ணை முயல், வான்கோழி, அப்புறம் ஒரு தடவை ஈமு.

எங்க ஊரு காங்கேயம் - தாராபுரம் ரோட்டுக்கு உள்ளே. கிளுவை வேலி போட்ட கொரங்காடு, கொழுக்கட்டைப்புல்லு, நடுவுல நாலு வெள்வேல மரம், அதுக்கடியில காங்கேயம் மாடு. கவுதாரிக்கு இதைவிடச் சொர்க்கம் கிடையாது. காட்டுல உதிர்ந்த கம்பும், புல் விதையும், கரையானும் தின்னுட்டு வேலி ஓரமா குடுகுடுன்னு ஓடிக்கிட்டே இருக்கும். காலையில அது கத்தற சத்தத்துலதான் ஊரே எந்திரிக்கும். நம்மாளுங்களுக்கும் இந்தப் பறவைகளுக்கும் பழக்கம் இன்னிக்கு நேத்து வந்ததில்லை. கொங்கு வெள்ளாளர் கூட்டங்களில் ஒண்ணுக்குப் பேரே காடை கூட்டம். காங்கேயத்துக்குப் பக்கத்துல காடையூர்னு ஊரே இருக்கு. சங்கப் பாட்டுல காடைக்குக் குறும்பூழ்னு பேரு, கவுதாரிக்குச் சிவல்.

அப்பாரு சொல்ற தரவரிசை இது: முதல்ல கவுதாரி. அப்புறம் காட்டுக்காடை. அப்புறம் மொசல். பன்னி அதுக்கும் கீழே. மான் கடைசி. "மான் கறி சப்புனு இருக்கும் கண்ணு. பேருதான் பெருசு." உடும்பை அவர் வரிசையிலேயே சேர்க்கல, அது மருந்தாம். மயிலைப் பத்திக் கேட்டா மட்டும் காது கேக்காத மாதிரி வெளியே பார்ப்பார். முருகன் வண்டியாச்சே, ஒத்துக்க முடியுமா?

சரி, இதில் உண்மை எவ்வளவு? கொஞ்சம் படிச்சுப் பார்த்தேன். ஆச்சரியமா, கிழவர் சொன்னதில் பாதிக்கு மேல் காரணம் இருக்கு.

கறியோட நிறத்துக்குக் காரணம் மயோகுளோபின்னு ஒரு புரதம். தசைக்குள்ள ஆக்சிஜனைப் பிடிச்சு வெச்சிருக்கும். ரொம்ப நேரம் விடாம வேலை செய்யற தசைக்கு அது நிறைய வேணும், அதனால அந்தக் கறி கறுத்திருக்கும். திடீர்னு ஒரு வேகம், அப்புறம் ஓய்வுன்னு இருக்கிற தசைக்கு அது குறைவா இருந்தாப் போதும், கறி வெளுத்திருக்கும். கோழியோட நெஞ்சு வெளுப்பு, கால் கறுப்பு, காரணம் இதேதான். கோழி நடக்கும், பறக்காது. கவுதாரியும் அதே ஜாதி. நாள் பூரா தரையில ஓடும், ஆபத்துன்னா மட்டும் படபடன்னு எழும்பிக் கொஞ்ச தூரம் பறந்து விழுந்துடும். காடை அப்படி இல்லை. காடை இனங்களில் பல, பருவத்துக்குப் பருவம் இடம் மாறும். பறக்கத் தெரிஞ்ச பறவை, அதனால அதுக்கு நெஞ்சே கறுத்திருக்கும். கறுத்த கறியில் இரும்புச்சத்து வாசம் கொஞ்சம் தூக்கலா அடிக்கும், ஈரல் மாதிரி. ஆக கவுதாரி நாட்டுக்கோழிக்குச் சித்தப்பா, காடை வேற தெருக்காரன்.

இன்னொரு விஷயம், இன்னிக்கு ரோட்டோரக் கடையில "காடை ரோஸ்ட்"னு தொங்கறது நம்மூர்க் காடையே கிடையாது. அது ஜப்பான் காடை. 1970-களில் வளர்ப்புக்குன்னே இந்தியாவுக்குக் கொண்டுவந்தாங்க. அப்புறம் நம்ம கால்நடைப் பல்கலைக்கழகமே நந்தனம் காடை, நாமக்கல் காடைன்னு ரகம் ரகமா உருவாக்கினாங்க. அஞ்சு வாரத்துல இருநூறு கிராம் பக்கம் வந்துடும். கொங்குக் காட்டுல திரியற காடை எண்பது கிராம் இருந்தாப் பெரிசு. உள்ளங்கையில அடங்கிடும். அப்பாரு காலத்துல ஒருத்தருக்கு நாலு வேணுமாம், எலும்போட மென்னு முழுங்குவாங்களாம்.

முயல்ல இந்தக் குழப்பம் இன்னும் மோசம். நம்ம காட்டு மொசலும் பண்ணை முயலும் ஒரே இனமே இல்லை! தமிழ்ல ரெண்டுக்கும் ஒரே பேரு, அவ்வளவுதான். பண்ணையில வளர்றது ஐரோப்பாவிலிருந்து வந்த குழிமுயல் வம்சம். குட்டி போடறப்போ முடியும் இருக்காது, கண்ணும் திறந்திருக்காது. காட்டு மொசல் குழி தோண்டாது, புல்லுக்குள்ள படுத்திருக்கும், குட்டி பொறக்கும்போதே கண்ணைத் திறந்துக்கிட்டு முடியோட பொறக்கும். ஓட்டமும் அப்படித்தான். குழிமுயல் குழிக்குள்ள பாய்ஞ்சாப் போதும். காட்டு மொசலுக்குக் குழி இல்லை, நாய் துரத்தினா காடு காடா ஓடித்தான் தப்பிக்கணும். அதனால பண்ணை முயல் கறி கோழி நெஞ்சு மாதிரி வெளுப்பு, காட்டு மொசல் கறி செக்கச்செவேல்னு கறுப்பு. மன்னவனூர்ப் பண்ணை முயலைத் தின்னுட்டு "மொசல் கறி தின்னேன்"னு எவனாவது சொன்னா அப்பாரு சிரிப்பார். அவர் சிரிச்சது சரிதான்.

ஆனா ஒரு இடத்துல பெருசு சறுக்குது. "நாய் வெரட்டி ஓட ஓடப் புடிச்ச மொசல்தான் ருசி"ம்பார். அறிவியல் நேர் எதிரா சொல்லுது. மிருகம் சாகறதுக்கு முன்னாடி ரொம்ப ஓடினா, தசையில இருக்கிற கிளைகோஜன் தீர்ந்துடும். செத்த பிறகு அதுதான் லாக்டிக் அமிலமா மாறிக் கறியைப் பக்குவப்படுத்தும். அது இல்லேன்னா கறி கறுத்து, விறைச்சு, சீக்கிரம் கெட்டுப்போகும். இதை அவர்கிட்ட சொன்னேன். "நீ தின்னியா, நான் தின்னனா?" அப்படின்னார். வழக்கு தள்ளுபடி.

காட்டுப்பன்றிக்கு வருவோம். எங்க சொந்தத்துல இதைப் பத்திப் பேச்சு வந்தாலே ரெண்டு கட்சி. பெரியப்பா ஒருத்தர் "அமிர்தம்"பார். மாமா ஒருத்தர் அந்த வாசமே ஆகாது, மூத்திர நாத்தம்னு எந்திரிச்சுப் போயிடுவார். ரெண்டு பேரும் சொல்றது நிஜம். காயடிக்காத ஆண்பன்றிக் கொழுப்புல ஆன்ட்ரோஸ்டீனோன்னு ஒண்ணு சேரும். அதை முகர்றதுக்கு நம்ம மூக்குல ஒரு ஏற்பி இருக்கு. அந்த மரபணு ஆளாளுக்கு வித்தியாசப்படும்னு 2007-ல் கண்டுபிடிச்சாங்க. சிலருக்கு அது மூத்திர, வியர்வை நாத்தமா அடிக்கும், சிலருக்கு இனிப்பா வெண்ணிலா மாதிரி இருக்கும், சிலருக்கு ஒண்ணுமே தெரியாது. ஆக முப்பது வருஷமா எங்க குடும்பத்துல நடக்கிற சண்டை மரபணுச் சண்டை. கொழுப்புதான் ஒவ்வொரு மிருகத்துக்கும் தனி வாசத்தைத் தருது. கொழுப்பை எடுத்துட்டு வெறும் சதையை வேக வெச்சா எது எதுன்னு கண்டுபிடிக்கிறதே கஷ்டம். மான் கறி சப்புனு இருக்கிறதுக்கும் இதான் காரணம், அதுல கொழுப்பே கிடையாது.

உடும்பு "கோழி மாதிரி இருக்கும்"னு எல்லாரும் சொல்றாங்க. தவளையும் கோழி மாதிரி, முதலையும் கோழி மாதிரி, உலகத்துல தெரியாத கறி எல்லாமே கோழி மாதிரி! ஜோ ஸ்டேட்டன்னு ஒரு விஞ்ஞானி 1998-ல் இதையே ஆராய்ச்சியா எழுதியிருக்கார், ஒரு நையாண்டி அறிவியல் இதழ்ல. எந்தெந்தக் கறி கோழி மாதிரி, எது மாடு மாதிரின்னு பரிணாம மரத்துல போட்டுப் பார்த்து, கோழிச்சுவை ரொம்பப் பழைய மூதாதையிலிருந்து வந்ததுன்னு முடிக்கிறார். நம்ம பெரும்பாணாற்றுப்படைக்கும் உடும்பு புதுசு இல்லை. எயினர் குடியிருப்புக்குப் போனா நாய் பிடிச்சாந்த, சினை வெச்ச உடும்பைப் பொரிச்சு, சிவப்பரிசிச் சோத்தோட போடுவாங்கன்னு அதுல வருது. அது பசிக்குத் தின்னது. இப்போ திங்கறவன் இடுப்பு வலிக்கு, "அந்த" விஷயத்துக்குன்னு திங்கறான். அதுக்கு ஒரு ஆதாரமும் கிடையாது. இதே கதைதான் நீலகிரிக் கருங்குரங்குக்கும். லேகியம்னு சொல்லி ஒரு குரங்கினத்தையே காலி பண்ணப் பார்த்தானுங்க. ருசிக்காகக் கொல்றவனையாவது ஒரு மாதிரி புரிஞ்சுக்கலாம், இவனுங்களை என்னன்னு சொல்றது?

அப்பத்தாவைக் கேட்டதுதான் எனக்கு இதுல மறக்காது. அடுப்படியில வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தாங்க. "ஏனுங்க அப்பத்தா, கவுதாரி ருசியா, மொசல் ருசியா?"ன்னேன். நிமிர்ந்துகூடப் பார்க்கல.

"எனக்கென்ன சாமி தெரியும். நானெங்க தின்னேன்?"

ராத்திரி ஒம்பது மணிக்கு நாலு பேரைக் கூட்டிக்கிட்டு, ஒரு பையில அஞ்சு கவுதாரியை எடுத்தாந்து திண்ணையில போடுவாராம் அப்பாரு. அதுக்கப்புறம் றெக்கை பிடுங்கி, மஞ்சள் தேய்ச்சு, வைக்கோல்ல வாட்டி, அம்மியில மசாலா அரைச்சு, சோறு வடிச்சு முடிக்க மணி பதினொண்ணு. அஞ்சு பறவை, அஞ்சு ஆம்பளை. அப்பத்தாவுக்கு வந்தது கொழம்பும் கழுத்தெலும்பும். "கொழம்பு நல்லாருக்கும்"னாங்க. கொஞ்சம் நேரம் கழிச்சு, "வாட்டற வாசம் நல்லாருக்கும்"னாங்க. இத்தனை வருஷமா பந்தி பந்தியா நடந்த கவுதாரிப் பட்டிமன்றத்துல சமைச்சவங்களுக்கு வாக்குரிமையே இல்லைன்னு அன்னிக்குத்தான் எனக்குத் தெரிஞ்சது.

அதுலயும் ஒரு விஷயம் கிடைச்சது பாருங்க. அந்த ருசியில பாதி வைக்கோல் புகையும், அம்மி மசாலாவும், செக்குக் கடலெண்ணெயும். மீதியில பாதி, ராத்திரி பதினொரு மணிப் பசி. எங்க எகனாமிக்ஸ் பேப்பர்ல வெப்லன் பொருள்னு ஒண்ணு வரும். விலை ஏற ஏற மவுசு ஏறும். கிடைக்காத கறிக்கும் அதே விதிதான். இதை வெச்சு ஏமாத்தறவங்களும் உண்டு. மான் கறின்னு ரகசியமா விப்பான், வாங்கறவனும் கண்ணை மூடிக்கிட்டு "ஆஹா, மான்"ம்பான். உள்ளே என்னன்னு அவனுக்கும் தெரியாது, இவனுக்கும் தெரியாது. வனத்துறையே கறியைப் பிடிச்சா நாக்கை நம்பறதில்லை, ஐதராபாத் சிசிஎம்பி மாதிரி ஆய்வகத்துக்கு டிஎன்ஏ பார்க்க அனுப்பறாங்க.

ஈமுவைப் பத்திச் சொல்றேன்னேன்ல. 2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமு கம்பெனிகள் கவுந்தப்போ நான் சின்னப் பையன். எங்க தூரத்துச் சொந்தம் ஒருத்தர் பணத்தைக் கட்டி ஆறு பறவையோட நின்னார். தீனி போட வழியில்லை. கடைசியில ஒண்ணு கறியாச்சு. பறவைதான், ஆனா கறி மாட்டுக்கறி மாதிரி செவப்பு, கொழுப்பு கிடையாது, கொஞ்சம் வெந்தது அதிகமானா செருப்பு. அன்னிக்கு யாரும் ருசியைப் பத்திப் பேசல. அவ்வளவு விலை உசந்த கறியை எங்க குடும்பம் அதுக்கப்புறம் தின்னதில்லை, ஹி ஹி.

அப்பாரு போன வருஷம் படுத்துட்டார். சாப்பாடு இறங்கல. ஒருநாள் அப்பாவைக் கூப்பிட்டு "ஒரு கவுதாரி கெடைக்குமாடா"ன்னார். அப்பா என்ன பண்ணுவார்? வேலி ஓரத்துல இப்பவும் கத்திக்கிட்டுத்தான் இருக்கு, யாரையாவது பிடிச்சுக் கேட்டாக் கண்ணி வெச்சுக் கொடுப்பாங்க. அப்பா கேக்கல. தாராபுரம் போய் ரெண்டு காடை வாங்கிட்டு வந்தார். அம்மா அதை வைக்கோல்ல வாட்டி, அப்பத்தா பக்கத்துல உக்காந்து சொல்லச் சொல்ல அதே மாதிரி வறுத்தாங்க. தட்டுல வெச்சு "கவுதாரிங்க அப்பா"ன்னு கொடுத்தார். கிழவர் பிய்ச்சு விளக்கு வெளிச்சத்துல ஒரு தடவை பார்த்தார்.

"நெஞ்சு கறுத்திருக்குதேடா. கவுதாரிக்கு நெஞ்சு வெளுப்பா இருக்கும்."

யாரும் ஒண்ணும் சொல்லல. அப்புறம் முழுசும் தின்னார். இன்னொண்ணை எடுத்து அப்பத்தா பக்கம் தள்ளினார். "நீ தின்னு"ன்னார். மயோகுளோபின் பாடமெல்லாம் நான் படிச்சது அதுக்கப்புறம்தான்.

சரி, சட்டத்துக்கு வர்றேன். சின்னப் பறவை, ஒண்ணு ரெண்டு பிடிச்சா என்னன்னு கேப்பாங்க. வேட்டைக்காரங்க காலத்துலயே இந்தக் கேள்வி வந்தாச்சு. துரைமாருங்க நீலகிரியில சுட்டுத் தள்ளி, சுடறதுக்கே ஒண்ணும் மிஞ்சாதுங்கற பயத்துல 1879-ல் அங்கே வேட்டை விலங்குக்குன்னு தனிச் சட்டம் போட்டாங்க. இன்னிக்கு நிலைமை அதைவிடச் சிக்கல். பன்றிக்கு வெக்கிற அவுட்டுக்காய் பன்றிக்கு மட்டும்னு எழுதி ஒட்டியா இருக்கும்? 2020 மே மாசம் பாலக்காட்டுல ஒரு கர்ப்பிணி யானை வாய் வெடிச்சு ஆத்துத் தண்ணிக்குள்ள நின்னே செத்துச்சே, அதுவும் இந்த மாதிரி வெடிதான். முதல்ல அன்னாசிப் பழம்னாங்க, அப்புறம் விசாரணையில தேங்காய்னாங்க.

அதுக்காகப் பன்றியால நட்டப்படற விவசாயி பொய் சொல்றார்னு சொல்ல மாட்டேன். ஒரு ராத்திரியில அரை ஏக்கர் மக்காச்சோளத்தை உருட்டிட்டுப் போறதை நான் கண்ணால பார்த்திருக்கேன். 2025 ஜனவரியில தமிழக அரசு ஒரு வழி சொல்லுச்சு: காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ள பன்றியைத் தொடக்கூடாது, ஒண்ணுலிருந்து மூணு வரை பிடிச்சுக் காட்டுல விடலாம், மூணுக்கு மேல வனத்துறை சுடலாம். சுடறது வனத்துறை, திங்கறது யாருமில்லை. பெரியப்பாவுக்கு இதுல பயங்கர வருத்தம்.

கவுதாரிக்கு உண்மையில எமன் வேட்டைக்காரன் இல்லைன்னு எனக்குத் தோணுது. எங்கூர்ல மூணு கொரங்காடு சைட்டு போட்டாச்சு. கிளுவை வேலியைப் புடுங்கிட்டுக் கம்பி வேலி. கரையான் புத்தை ஜேசிபி வெச்சுத் தள்ளியாச்சு. பெயிண்ட் அடிச்ச கல்லு மட்டும் வரிசையா நிக்குது. அந்தப் பக்கம் காலையில சத்தமே இல்லை.

ஆசை தீராதவங்களுக்கு அப்பத்தா வழி ஒண்ணு சொல்றேன், ஜெயிலுக்குப் போகாம செய்யலாம். பண்ணைக்காடை நாலு, தோலோட வாங்குங்க. தோலை உரிச்சுட்டா போச்சு. மஞ்சளும் உப்பும் தேய்ச்சு, வைக்கோல் கிடைச்சா வைக்கோல், இல்லேன்னா காஞ்ச தென்னை ஓலை, அந்த நெருப்புல லேசா வாட்டுங்க, கருகக்கூடாது. இரும்புச் சட்டியில செக்குக் கடலெண்ணெய், சின்ன வெங்காயம் கால் கிலோ, விதை எடுத்த வரமிளகாய் பதினஞ்சு, கறிவேப்பிலை, பல்லுப் பல்லா நறுக்கின தேங்காய். நம்ம பள்ளிபாளையம் பாணிதான், மசாலாப் பொடி எதுவும் வேண்டாம். வதங்கினதும் காடையைப் போட்டு, தண்ணி தெளிச்சுத் தெளிச்சு, மூடி வெச்சு, இருபது நிமிஷம். போன மாசம் ரூம் பசங்களுக்கு செஞ்சேன், பீளமேட்டுல வைக்கோல் கிடைக்கல, ஓலைதான். ஆளுக்கு ஒண்ணுன்னு கணக்குப் போட்டு வாங்கிட்டுப் போனது பத்தல. அடுத்த தடவை ஆளுக்கு ரெண்டு.